மஞ்சள் பாலையும் ஃபில்டர் காபியையும் ஒரே டம்ளரில் சேர்க்க முடியுமா?

நீங்கள் எழுதியிருப்பதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மழைக்காலம் வந்ததும் தொண்டை கரகரக்கிறது. காலையில் ஃபில்டர் காபியை விட மனமில்லை, இரவில் மஞ்சள் பால் குடிக்க மறந்துபோகிறது. அதனால் இரண்டையும் சேர்த்து ஒரே பானமாகப் போட்டுப் பார்த்தீர்கள். முதல் நாள் காபிப்பொடியோடு மஞ்சள்தூளும் மிளகுத்தூளும் கலந்து ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினீர்கள்; டிகாஷன் இறங்கவே இல்லை. மறுநாள் பாலில் இஞ்சி, வெல்லம், மஞ்சள், டிகாஷன் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டீர்கள், பால் திரிந்துவிட்டது. எங்கே தப்பு, எது எவ்வளவு போடுவது, ஆறு வயதுப் பையனுக்கும் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு அடியில் நீங்கள் நேராகக் கேட்காத ஒன்றும் இருக்கிறது: இப்படிச் சேர்த்துக் குடித்தால் மஞ்சளின் பலன் உண்மையிலேயே கிடைக்குமா? அதற்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் காவிரிக் கரை ஊர் ஒன்றில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடையில் 27 வருடங்களாக நிற்பவன். கொட்டை, வறுவல், அரவை, டிகாஷன், பால் இவற்றில் நான் சொல்வது கையால் தெரிந்துகொண்டது. மஞ்சளைப் பற்றிச் சொல்வதில் பாதி வீட்டுச் சமையலறையில் கற்றது, பாதி படித்துத் தெரிந்தது. மருத்துவம் என் தொழில் இல்லை. அந்த இடம் வரும்போது எது நிச்சயம், எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். உங்கள் உடம்புக்கு எது ஆகும் என்பதை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முடியுமா என்றால், நன்றாகவே முடியும். ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: மஞ்சளுக்குக் கொதி வேண்டும், டிகாஷனுக்குக் கொதி ஆகாது. மஞ்சள்தூளின் பச்சை வாடை போக அது பாலில் நாலைந்து நிமிடமாவது வேக வேண்டும். டிகாஷன் அப்படியில்லை. இறங்கிய பிறகு அதை அடுப்பில் ஏற்றினால் வாசனையெல்லாம் ஆவியோடு போய், கசப்பும் ஒரு கருகல் வாடையும்தான் மிஞ்சும். ஆறிப்போன டிகாஷனை நம் வீட்டுப் பெரியவர்கள் நேராக அடுப்பில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிச் சூடாக்குவது இதற்காகத்தான். இப்படிக் குணம் எதிரெதிராக உள்ள இரண்டை ஒரே பாத்திரத்தில் போட்டுச் சமைத்தால் ஏதாவது ஒன்று கெடத்தான் செய்யும். இரண்டையும் தனித்தனியாகத் தயார் செய்து, குடிக்கப்போகும் நேரத்தில் டம்ளரில் சேர்த்தால் இரண்டும் ருசியோடு இருக்கும்.

ஃபில்டரில் என்ன நடந்தது என்பதை முதலில் பார்ப்போம். ஃபில்டருக்கு அரைக்கும் பொடி மாவு மாதிரி இருக்கக் கூடாது. விரலில் தேய்த்தால் லேசாக நறநறவென்று பட வேண்டும். அந்தத் துகள்களுக்கு நடுவே இருக்கும் சந்தில்தான் தண்ணீர் இறங்குகிறது. மஞ்சள் ஒரு கிழங்கு, அதில் மாவுச்சத்து நிறைய. போதாததற்கு அதை அவித்துக் காயவைத்துத்தான் அரைக்கிறார்கள். நைசான அந்தத் தூளில் வெந்நீர் பட்டதும் கூழாகி, துகள்களின் சந்தையும் ஃபில்டர் ஓட்டையையும் சேர்த்து அடைத்துவிடும். பொறுமையாகக் காத்திருந்து டிகாஷன் இறங்கியிருந்தாலும் நீங்கள் எதிர்பார்த்தது அதில் வந்திருக்காது. மஞ்சளின் நிறத்துக்கும் அதன் புகழுக்கும் காரணமான குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் தண்ணீரில் எவ்வளவு அலசினாலும் போகாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆக, ஃபில்டரில் போட்ட மஞ்சளில் பெரும்பகுதி சக்கையோடு சக்கையாகக் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

இதே காரணத்துக்காகக் கடையிலும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். சுக்கு, ஏலக்காய் எல்லாம் கொண்டுவந்து கொட்டையோடு சேர்த்து அரைத்துத் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். மறுத்துவிடுவோம். மிஷினில் ஒருமுறை சுக்கு வாடை ஏறினால், அடுத்து அரைக்கிற ஐந்தாறு பேருடைய பொடியிலும் அது வரும். வீட்டு மிக்ஸிக்கும் இது பொருந்தும். மசாலா அரைத்த ஜாரில் காபிக்கொட்டை அரைக்காதீர்கள். ஏலக்காய் மட்டும் கொஞ்சம் இடம் கொடுக்கும்: தோலோடு ஒன்றைத் தட்டி, ஃபில்டரில் பொடிக்கு மேலே போட்டால் அடைக்காது, வாசனையும் டிகாஷனில் நன்றாகவே இறங்கும்.

பால் திரிந்த கதை இதைவிடச் சுவாரசியமானது. அதில் குற்றவாளிகள் மூன்று பேர், ஆனால் மஞ்சள் அவர்களில் ஒருவர் இல்லை. முதல் ஆள் பச்சை இஞ்சி. பாலில் உள்ள புரதத்தை வெட்டி உறைய வைக்கும் நொதி ஒன்று பச்சை இஞ்சியில் இருக்கிறது. இதமான சூட்டிலிருந்து நல்ல சூடு வரைக்கும் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும், கொதி வந்துவிட்டால் செத்துவிடும். சீனாவின் தென்பகுதியில் இஞ்சிச் சாற்றில் சூடான பாலை ஊற்றி, தயிர் மாதிரி உறைய வைத்து இனிப்பாகவே சாப்பிடுகிறார்கள். நீங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். வேண்டாத நேரத்தில் நடந்துவிட்டது, அவ்வளவுதான். இஞ்சிதான் வேண்டும் என்றால் அதைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அதன்பிறகு பாலை ஊற்றுங்கள். சுக்கு போட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இந்தப் பானத்துக்கு நான் எப்போதும் சுக்குதான் போடுகிறேன். அதன் காரம் தொண்டையில் மெதுவாக ஏறும், காபியின் வறுவல் வாசனையோடு சண்டைக்கும் போகாது.

இரண்டாவது ஆள் வெல்லம். வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பும் உப்புச் சத்துகளும் உண்டு. எந்த வெல்லம், எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்து அந்தப் புளிப்பு கூடும் குறையும். கொதிக்கிற பாலில் அதைப் போட்டால் திரிவதற்கான வாய்ப்பு அதிகம். பாயசத்துக்கு வெல்லத்தைத் தனியே பாகாக்கி, அடுப்பை அணைத்து, சற்று ஆறிய பிறகு பால் சேர்ப்பதும் இதனால்தான். சுக்குமல்லிக் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் காபி, உள்ளே காபியும் இல்லை பாலும் இல்லை; சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் தண்ணீரில் கொதிக்கின்றன, அதனால் திரிய ஒன்றுமில்லை. அந்தப் பழக்கத்தில் நம் கை தானாக வெல்லத்தையும் கருப்பட்டியையும் அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் போட்டுவிடுகிறது. பால் இருக்கும் இடத்தில் அது ஆகாது. பாலை இறக்கி இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள், அல்லது சர்க்கரைக்கோ பனங்கற்கண்டுக்கோ மாறிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள் டிகாஷனேதான். காபி இயல்பிலேயே சற்று அமிலமானது. நல்ல பாலில் ஊற்றிக் கலக்கும்போது அது தாங்கும். ஊற்றிய பிறகும் கொதிக்கவிட்டால், அதுவும் காலையில் வாங்கி வெளியே இருந்த பாலாக இருந்தால், தாங்காது. சூடு ஏற ஏறப் பால் சிறிதளவு புளிப்புக்கே திரியும். சந்தேகமான பால் என்றால் ஒரு கரண்டி எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்துப் பார்த்துவிட்டு மீதியை ஏற்றுங்கள். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் திரியாது என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவப்பாவதைப் பார்த்திருக்கிறோம் இல்லையா, காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்க்குணம்) உள்ள பொருள் பட்டால் குர்குமின் நிறம் மாறும். சோடா சுண்ணாம்பு அளவுக்கு இல்லை என்றாலும் நிறத்தைச் செம்மைப் பக்கம் தள்ளும், வாயில் சவுக்காரம் மாதிரி ஒரு வழுவழுப்பும் வரும்.

இனி பொருள்கள். மஞ்சளில் எல்லாம் ஒன்றல்ல. சமையலுக்கு விரலி மஞ்சள். குளிக்கத் தேய்க்கும் குண்டு மஞ்சளோ, முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சளோ இதற்கு ஆகாது. கஸ்தூரி மஞ்சள் வேறு செடி, அதன் வாசனை கற்பூரம் மாதிரி ஏறிக் காபியை மூடிவிடும். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பக்கத்து விரலி மஞ்சளை முழுதாக வாங்கி, கழுவி, காயவைத்து, ரைஸ் மில்லில் அரைத்து வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். தூளாக வாங்குவதில் ஒரு பயம் இருக்கிறது. பளிச்சென்ற நிறத்துக்காக ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைக் கிழங்கின் மேல் பூசுவது இந்தியாவிலும் வங்கதேசத்திலும் கண்டுபிடிக்கப்பட்ட கலப்படம். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம். தினமும் குடிக்கப்போகும் ஒன்றில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. முழு மஞ்சளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டால் உடனே நிறம் விடக் கூடாது, விட்டால் சந்தேகப்படுங்கள். தூள் என்றால், ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் தூவி விட்டுவிடுங்கள். நல்ல தூள் அடியில் படிந்து மேலே தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். கலப்படத் தூள் தண்ணீரையே அடர்ந்த மஞ்சளாக்கிவிடும். இவை வீட்டுச் சோதனைகள், ஆய்வுக்கூடத்துக்கு ஈடாகாது. ஆனாலும் மோசமான சரக்கைக் காட்டிக்கொடுக்க உதவும். தூளை வெயில் படாத டப்பாவில் வையுங்கள், வெளிச்சத்தில் குர்குமின் சிதையும்.

காபிப்பொடியில் என் சிபாரிசு, வழக்கமாக வாங்குவதைவிடச் சிக்கரியைக் குறையுங்கள் என்பது. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்தால் நிறமும் கெட்டியும் கொடுக்கும், அதில் கஃபீன் கிடையாது. பாலில் நிற்கும் டிகாஷனுக்கு அது நல்ல துணை, அதைக் கலப்படம் என்று இழித்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வேரின் மண்வாசனை சிக்கரியிலும் உண்டு, மஞ்சளிலும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் காபி அடியில் போய்விடும். 80க்கு 20 வாங்குகிறவர்கள் இதற்கு 90க்கு 10 என்று கேளுங்கள். பாக்கெட்டில் வாங்கினால் சிக்கரி சதவீதத்தைப் பார்த்து வாங்குங்கள். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம், அதனால் 49 வரைக்கும் சிக்கரி இருக்க முடியும். கொட்டையில் அரபிகா வகையின் பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி தரம் முக்கால் பங்கு, கசப்பு கூடிய ரோபஸ்டா வகை கால் பங்கு, வறுவல் சற்றே கறுக்க. ரோபஸ்டா கொஞ்சம் இல்லாவிட்டால் மஞ்சளையும் மிளகையும் தாண்டிக் காபி மேலே வராது. இது என் நாக்கு சொல்வது. சிக்மகளூர்க் கொட்டை தவிர வேறு தொடாதவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

டிகாஷனுக்கு 25 கிராம் பொடி, 150 மில்லி தண்ணீர். பொடியை ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் போட்டுத் தட்டிச் சமன் செய்து, குடைத்தட்டை அழுத்தாமல் வையுங்கள். தண்ணீர் கொதித்து இறக்கி அரை நிமிடம் கழித்து, முதலில் பொடி நனையும் அளவுக்கு ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு மீதியை ஊற்றுங்கள். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், அதனால் கீழே 100 மில்லி வந்தால் கணக்கு சரி. இருபது நிமிடத்தில் கள்ளிச்சொட்டு மாதிரி இறங்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டால் அரவை பெரிசு. ஒரு மணி நேரம் ஆனால் நைசு அல்லது அழுத்தம் அதிகம். இந்தப் பானத்துக்கு முதல் டிகாஷன் மட்டும்தான். இரண்டாவது தண்ணீர் ஊற்றி எடுப்பது மஞ்சளின் முன்னால் நிற்காது.

இரண்டு டம்ளருக்கு என் அளவு இது. பால் 250 மில்லி, மஞ்சள்தூள் தலைதட்டி கால் தேக்கரண்டி, மிளகு ஐந்தாறு, சுக்குப்பொடி இரண்டு சிட்டிகை, ஏலக்காய் ஒன்று, டிகாஷன் 60 முதல் 70 மில்லி, சர்க்கரை இரண்டு அல்லது மூன்று தேக்கரண்டி. பால் கொழுப்பு குறைந்ததாக இருந்தால் கால் தேக்கரண்டி நெய். மஞ்சள்தூளை நேராகக் கொதிக்கிற பாலில் தூவினால் கட்டி கட்டும். ஒரு கிண்ணத்தில் இரண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான பாலும் நெய்யும் விட்டு மஞ்சளைக் குழைத்துக்கொள்ளுங்கள். அடிகனமான பாத்திரத்தில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகையும் சுக்கையும் இரண்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் பாதியாகும்போது பாலையும் மஞ்சள் குழைசலையும் ஊற்றிக் கிளறி, பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் சிணுங்கச் சிணுங்கக் காய்ச்சுங்கள். பச்சை வாடை போய், பால் லேசான சந்தன நிறத்துக்கு வந்து, ஓரத்தில் பொன் நிறத்தில் நெய்ப்பொட்டுகள் மிதக்கும். அதுதான் பதம். ஏலக்காயைத் தட்டிப் போட்டு அடுப்பை அணைத்து மூடிவையுங்கள். இரண்டு நிமிடம் கழித்துச் சர்க்கரை. மெல்லிய வடிகட்டியில் வடித்து, டிகாஷன் ஊற்றி வைத்த டம்ளரில் ஊற்றி, டபராவுக்கும் டம்ளருக்குமாக நாலு முறை ஆற்றுங்கள். ஆற்றுவது அழகுக்காக மட்டும் இல்லை. மஞ்சள் கரையாத பொருள், வடிகட்டினாலும் நுண்ணிய தூள் இருந்துகொண்டே இருக்கும். ஆற்றினால்தான் நுரையோடு பரவி நிற்கும். மெதுவாகக் குடிக்கிறவர்கள் பாதியில் ஒருமுறை சுழற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வாய் முழுக்க மஞ்சள்தான்.

நாலு வருடத்துக்கு முன் வாடிக்கையாளர் ஒருவர் கேட்டு முதன்முதலில் இதைப் போட்டபோது ஒரு டம்ளருக்கே அரைத் தேக்கரண்டி மஞ்சள் போட்டேன். கசந்து, நாக்கில் ஒட்டி, காபி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் குறைத்துக் குறைத்து இந்த அளவுக்கு வந்தேன். கசக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் டிகாஷனைக் குறைக்கிறார்கள். குறைக்க வேண்டியது மஞ்சளை. மருந்து வாடை அடித்தால் மஞ்சள் வேகவில்லை என்று அர்த்தம். கிராம்பு, ஜாதிக்காய், திப்பிலி எல்லாம் சேர்க்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. ஒரே ஒரு கிராம்பே காபியின் வாசனையை மூடும் என்பதால் நான் சேர்ப்பதில்லை. பட்டை பிடிக்கும் என்றால் ஒரு சின்னத் துண்டு, அதுவும் மெல்லிய சுருள்பட்டை. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் ஈரலுக்கு ஆகாத கூமரின் அதிகம், தினசரி வேண்டாம்.

இப்போது பலன். நிச்சயமாகத் தெரிந்தவை சில. குர்குமின் தனியாக உள்ளே போனால் ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் சேரும். குடலும் ஈரலும் அதை விரைவாக மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகில் உள்ள பைப்பரின் அந்த வேகத்தைத் தடுக்கும். பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு ஏறக்குறைய 20 மடங்கு என்று கண்டார்கள். மிளகு போடச் சொல்லும் எல்லாரும் காட்டும் ஆதாரம் அதுதான். ஆனால் அளவைக் கவனியுங்கள். மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். கால் தேக்கரண்டித் தூள் முக்கால் கிராம் இருக்கும். அதில் குர்குமின் இருபத்துச் சொச்சம் மில்லிகிராம், அதையும் இரண்டு டம்ளருக்குப் பங்கு வைக்கிறோம். அந்த ஆய்வில் கொடுத்த 2 கிராமுக்குச் சுமார் 67 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். ஆகவே அந்த ஆய்வை வைத்து நம் டம்ளரை அளக்க முடியாது.

சந்தேகமானது இதற்கு மேல்தான் தொடங்குகிறது. எதிர்ப்புச் சக்தி கூடும், சளி வராது, மூட்டுவலி போகும் என்றெல்லாம் சொல்லப்படுவதில், ஒரு டம்ளர் மஞ்சள் பாலுக்கு அப்படி ஒரு விளைவு நிரூபிக்கப்படவில்லை. குர்குமின் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2017இல் வெளியான ஒரு விரிவான மருந்தியல் கட்டுரை, மருந்து இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாக மனிதர்களிடம் நடத்திய எந்தச் சோதனையிலும் அது ஐயமில்லாமல் வெற்றிபெறவில்லை என்றே சொன்னது. காபி மஞ்சளின் சக்தியை முறித்துவிடும் என்று பயமுறுத்துகிறார்களே, அதற்கும் தகுந்த ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. தொண்டை கரகரப்புக்குச் சூடான, காரமான, கொஞ்சம் நெய் மிதக்கிற பானம் இதம் தரும். அது குடித்த நிமிடமே தெரியும். அந்த இதத்துக்காகவும் ருசிக்காகவும் குடியுங்கள் என்று மனப்பூர்வமாகச் சொல்வேன். நோய்க்கு மருந்தாக நினைத்து மஞ்சளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். மிளகுச் சத்து சேர்த்து விற்கும் வீரிய குர்குமின் மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. சமையல் அளவில் அந்தப் பயம் இல்லை, மாத்திரை வேறு விஷயம்.

சிலர் கவனமாக இருக்க வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதை வெறும் தண்ணீரோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபியோ பாலோ தொட வேண்டும். இரண்டுமே மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். எங்கள் கடைக்கு வருகிற பெண்களில் பலருக்கு இதை யாரும் சொன்னதே இல்லை, மாத்திரையைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ரத்தசோகை இருப்பவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி குடிக்க வேண்டாம் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி எல்லாருக்குமே சொல்லும் அறிவுரையை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். காபி இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள், தினமும் மஞ்சள் பால் ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரமும் முக்கியம். மஞ்சள் பால் படுக்கப்போகும் முன் குடிப்பது, காபி விடிந்ததும் குடிப்பது. சேர்த்த பிறகு அது காபியின் நேரத்துக்குத்தான் கட்டுப்படும். அதே வழிகாட்டி 150 மில்லி காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் இருக்கும் என்றும், நாளுக்கு 300ஐத் தாண்ட வேண்டாம் என்றும் கணக்கிடுகிறது. உள்ளே போன கஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். ஆகவே காலையிலோ, பிற்பகல் மூன்று மணிக்குள்ளோ குடியுங்கள். இரவுக்கு டிகாஷன் இல்லாத மஞ்சள் பால் போதும்.

கடைசியாக உங்கள் பையன். ஆறு வயதுக்குக் காபி வேண்டாம், சிக்கரி அதிகம் என்று சொல்லியும் வேண்டாம். ஆனால் தனித்தனியாகத் தயாரிப்பதில் இதற்கும் வழி இருக்கிறது. பாலை வடித்ததும், டிகாஷன் பக்கம் போகும் முன்பே அவன் பங்கை எடுத்து ஊற்றிவிடுங்கள். அரை டம்ளர் போதும். காரம் தாங்க மாட்டான் என்றால் மிளகையும் சுக்கையும் கொதிக்கவைத்த தண்ணீரைத் தனியே வடித்து வைத்து, பாலை மஞ்சளும் ஏலக்காயும் மட்டும் போட்டுக் காய்ச்சி, அவனுக்கு ஊற்றிய பிறகு காரத் தண்ணீரை மிச்சப் பாலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனுக்கும் டபராவில் ஆற்றி நுரையோடு கொடுங்கள். பெரியவர்கள் குடிப்பது மாதிரியே இருக்கிறது என்று அவன் வாங்கிக்கொள்வான்.